பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தால் பெற்றோரால் எதையாவது மாற்ற முடியுமா, இல்லை வெறும் கையெழுத்துக்குத்தானா?

உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி, தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் குழுவில் சேரச் சொல்கிறார், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து ஏதோ செய்யப் போவதாகவும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். "வெறும் கையெழுத்துக்குத்தானா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவள் நான். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். நான் எந்தக் கட்சியும் இல்லை. வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன், அதுதான் என் வேலை.

2022 கோடையில் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் அங்கே படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா, தலைவரும் பெற்றோரில் ஒருவர், பாதிக்குப் பாதி பெண்கள். (2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கிவிட்டார்கள். நீங்கள் சேர்வது அந்தக் குழுவில்.) இது யாரோ போனால் போகிறதென்று கொடுத்ததில்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே நாலில் மூன்று பங்கு பெற்றோர் என்று எழுதியிருக்கிறது. ஆனால் என்னைத் தலைவியாக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். "யாராவது பொம்பளை, கையெழுத்து நல்லாப் போடத் தெரிஞ்சவங்க" என்றார்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் தேர்தல்.

முதல் கூட்டத்தில் நீங்கள் பயப்படுவதுதான் நடந்தது. தீர்மானப் புத்தகத்தில் ஆறு தீர்மானம் முந்தின நாளே எழுதி, கீழே எங்கள் பெயர்களும் வரிசையாக எழுதி, பெயருக்கு எதிரே இடம் விட்டு வைத்திருந்தது. ஆறாவது தீர்மானம் "பெற்றோர்கள் தெரிவித்த கருத்துகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன". நாங்கள் அதுவரை வாயே திறக்கவில்லை. நானும் போட்டேன் கையெழுத்து, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "காபி குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஜூன் மாதம் நடந்ததுதான் என்னை மாற்றியது. எங்கள் தலைமை ஆசிரியை (நாங்கள் பெரிய டீச்சர் என்போம்) சேர்க்கைக்கு வீடு வீடாகப் போக வேண்டும், நீங்களும் வாங்க என்றார். நோட்டீஸ் எடுத்துக்கொண்டு நான்கு பேர் போனோம். மேலத் தெருக் கடைசி வீட்டில் ஒரு பையனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. திண்ணையில் அவன் அப்பத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நாங்கள் பேச ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு வண்டி வந்து நிற்கிறது. கம்மாய்க்கு அந்தப் பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிற நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர்கள். அவர்கள் கையிலும் நோட்டீஸ். எங்கள் பெரிய டீச்சர் முகம் கறுத்துவிட்டது. "சார், இது எங்க ஊரு" என்றார். அவர், "மேடம், எங்ககிட்ட எட்டு வரைக்கும் இருக்கு" என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அப்பத்தாவைப் பார்த்துப் பேசினார்கள். அந்த அம்மா இரண்டு நோட்டீஸையும் வாங்கி, கீரைக்காம்பைக் கூட்டி அதன்மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டும் கவருமெண்டுப் பள்ளிக்கூடந்தானே ஆத்தா? அப்பறம் எதுக்கு ரெண்டு நோட்டீசு?"

யாரிடமும் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பெரிய டீச்சரை விடாமல் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. தொடக்கப் பள்ளியில் 60 வரை இருந்தால் இரண்டு பேர், 61ஐத் தொட்டால் மூன்று பேர். எங்களிடம் மூன்று ஆசிரியர், ஆனால் அந்த ஜூனில் 57 பிள்ளைகள். குறைந்தால் ஒருவர் "உபரி" ஆகிவிடுவார். உபரி ஆசிரியரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அந்த நடுநிலைப் பள்ளிக்கும் இதே கணக்கு, இதே பயம்.

பக்கத்துப் பக்கத்து அரசுப் பள்ளிகள் ஏன் ஒன்றாகச் சேர்ந்து எதையும் செய்வதில்லை என்று உங்களைப் போலவே நானும் யோசித்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கு மனசில்லை என்றுதான் நினைத்தேன். ஒரே தெருவில் இரண்டு பேரை ஒரே பிள்ளைக்கு அலைய விட்டுவிட்டு, சுற்றறிக்கையில் மட்டும் கைகோத்துக்கொள் என்றால் எங்கிருந்து கோப்பது? டீச்சர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவர்களைத் திட்டவும் என்னிடம் நிறைய இருக்கிறது. கழிப்பறைச் சாவியை ஆசிரியர் மேஜையில் வைத்திருந்த கதையெல்லாம் உண்டு. இது வேறு கணக்கு.

அந்தப் பையன் எங்கே போனான் தெரியுமா? எங்களிடமும் வரவில்லை, அவர்களிடமும் போகவில்லை. தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் போட்டிருந்தார்கள், குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. காலையில் மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நான் அந்தத் தாயைக் குறை சொல்லமாட்டேன், எனக்கு விழுந்திருந்தால் நானும் அனுப்பியிருப்பேனோ என்னவோ. ஆனால் ஆகஸ்ட் 1 அன்று எங்கள் வருகைப் பதிவேட்டில் 60 பேர். சரியாக 60. ஒன்று குறைந்தது. கட்டணத்தை அரசாங்கமே கட்டிப் பையனை அங்கே அனுப்புகிறது, அவன் இங்கே இல்லை என்று எங்கள் டீச்சரை எடுக்கவும் செய்கிறது. இதை யாராவது எனக்கு விளங்கவைத்தால் புண்ணியமாகப் போகும்.

இடையில் ஒன்று. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாவிட்டால் ஆறாது. அந்த ஆசிரியரை விட்டுவைக்கச் சொல்லி மனு கொடுக்க நானும் இரண்டு அம்மாக்களும் ஒன்றியத் தலைநகருக்குப் போனோம். நிறுத்தத்தில் மூன்று பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்காது. இலவசப் பயணம் வந்ததிலிருந்து இப்படித்தான். ஓர் ஆம்பளை நின்றால் நிற்கும். அன்றைக்கு இரண்டு பஸ் எங்கள் முகத்தில் புழுதியடித்துவிட்டுப் போனது. மூன்றாவதில் ஏறினால் நடத்துனர் டிக்கெட்டை நீட்டும்போது பார்க்கிற பார்வை இருக்கிறதே, நாங்கள் ஏதோ அவர் வீட்டு அரிசியை அள்ளிக்கொண்டு போகிற மாதிரி. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி ஒன்று, சாப்பாட்டு நேரம். அங்கே ஒருவர் மனுவைப் படிக்காமலே, "இதெல்லாம் உங்க வேலையாம்மா?" என்றார். ஆமாம் சார், சட்டப்படி எங்கள் வேலைதான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது வந்தது.

அடுத்த கோடையில் பணி நிரவலில் எங்கள் இளைய டீச்சர் போனார். கம்மாய்க்கு அந்தப் பக்கம், அதே நடுநிலைப் பள்ளிக்கு! எங்கள் ஊரே அன்றைக்குச் சிரித்தது, கொஞ்சம் அழுதது. ஆனால் அதில்தான் வழி திறந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் போன் பண்ணினார். "அக்கா, இங்க ஆறாங்கிளாஸ்ல உங்க ஊருப் பிள்ளைங்க ரெண்டே பேருதான். மத்தவங்கெல்லாம் எங்கக்கா போறாங்க?" ஐந்து முடித்த பிள்ளைகள் எல்லாம் வேனிலும் பஸ்ஸிலும் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் எட்டு வரை உள்ள பள்ளி இருந்தும்.

2023 ஜூலையில் இரண்டு பள்ளிக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்தோம். எந்த அதிகாரியும் சொல்லி நடந்ததில்லை. நான் அந்தப் பள்ளிக் குழுத் தலைவியை ரேஷன் கடையில் பார்த்தபோது பேசி முடித்தது. இடம் கம்மாய்க்கரைப் பிள்ளையார் கோயில், யார் பள்ளிக்கு யார் போவது என்ற ரோஷம் வேண்டாம் என்று. இரு தரப்பிலும் சேர்த்து 19 பேர் வந்தார்கள். இரண்டு தலைமை ஆசிரியர்களும் வந்தார்கள், முதல் அரை மணி நேரம் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய பெரிய காரணம் வரும் என்று நினைத்தேன், இங்கிலீஷ், கம்ப்யூட்டர் என்று. ஓர் அம்மா எழுந்து, "கம்மாய்க்கரையில சீமைக்கருவ மண்டிக் கிடக்கு. பொம்பளைப் புள்ளைய எப்பிடித் தனியா அனுப்ப?" என்றார். அடுத்த ஆளும் அதையே சொன்னார், அதற்கு அடுத்தவரும். ஆசிரியர்கள் வண்டியில் தார் ரோட்டைச் சுற்றி வருகிறவர்கள். அந்தக் கரை அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

சேர்ந்து ஒரு தீர்மானம் எழுதினோம். இந்த முறை முன்கூட்டி எழுதவில்லை. குழுத் தீர்மானங்களை ஏற்றுகிற அரசுச் செயலியில் இரண்டு பள்ளிக்கும் பொதுவாக ஏற்ற வழி எங்களுக்குத் தெரியாததால் ஒரே தீர்மானத்தை இரண்டு குழுவும் தனித்தனியாக ஏற்றின. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து படித்தேன். கை நடுங்கியது, அதைச் சொல்ல வெட்கமில்லை. கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். உடனே இல்லை, தீபாவளி கழித்து. முழுக்கவும் இல்லை, மடைக்கு அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிறது.

இன்னொன்றும் பேசிக்கொண்டோம், இதைத் தீர்மானமாக எழுதவில்லை. எங்கள் தெருக்களில் ஒன்றாம் வகுப்புக்கு அவர்கள் நோட்டீஸ் கொண்டு வரமாட்டார்கள். ஐந்து முடிக்கிற எங்கள் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பச் சொல்லி நாங்களே வீடு வீடாகப் போவோம். இது விதிப்படி சரியா என்று சட்டம் பேச வராதீர்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை, பெற்றோர் இஷ்டம்தான் கடைசி. ஒரு திண்ணையில் இரண்டு நோட்டீஸ் வேண்டாம் என்பதுதான் பேச்சு.

2024 மார்ச்சில் எங்கள் ஐந்தாம் வகுப்பு 11 பிள்ளைகளையும் நான்கு வியாழக்கிழமை அங்கே கூட்டிப் போனோம். பள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து வரும் பரிமாற்றத் திட்டம் அரசிலேயே உண்டு. நாங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை, இரண்டு அம்மாக்கள் துணைக்கு நடந்தோம். மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைக் காட்டினார்கள். என் மகள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். மதியச் சாப்பாடு அங்கேயே. எங்கள் பள்ளி முட்டையைவிட அங்கே முட்டை பெரிது என்று வீட்டில் வந்து சொன்னாள். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஜூனில் 11 பேரில் 8 பேர் அங்கே சேர்ந்தார்கள். மூன்று பேர் வேனில் போகிறார்கள்.

எட்டு பேருக்கு இவ்வளவு பெருமையா என்பீர்கள். எனக்குப் பெருமைதான்.

இதெல்லாம் இப்போது புதிதாகக் கிளப்பிய விஷயம், நாலு நாளில் அடங்கிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அது மட்டும் தப்பு. எங்கள் பள்ளியில் ஒரு மர அலமாரி இருக்கிறது, கதவில் பச்சைப் பெயின்டில் என் அப்பத்தாவின் அண்ணன் பெயரும் 1959 என்றும் இருக்கும். காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டார்கள். ஊர்க்காரர்கள் நிலம், பெஞ்சு, மணி, கடிகாரம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். அப்பத்தாவின் அண்ணன் கொடுத்தது அந்த அலமாரி. கையில் ஒன்றுமில்லாதவர்கள் கட்டடத்துக்கு மண் சுமந்தார்களாம். அவர்களிடம் தீர்மானப் புத்தகமும் இல்லை, செயலியும் இல்லை.

என்னால் முடியாததையும் சொல்கிறேன். போன டீச்சரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போடலாம் என்று 2022இல் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். சித்தாள் வேலைக்குப் போனால் அதைவிடக் கூடக் கிடைக்கும், எந்த முகத்தோடு ஆசிரியர் பயிற்சி முடித்த பிள்ளையைக் கூப்பிடுவது? எங்களுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை, அது வேறு. சுற்றுச்சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது. வாட்ஸாப் குழுவில் குட்மார்னிங் படத்தை நிறுத்த முடியவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் என் பதவியும் போயிற்று. இப்போது அந்த நடுநிலைப் பள்ளியில் நான் சாதாரணப் பெற்றோர். புதுத் தலைவி போன மாதம் கூட்டத்துக்கு முன்னால் போன் பண்ணி, "அக்கா, நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, போடவா?" என்று கேட்டாள். படித்துவிட்டுப் போடு, ஒத்துக்கொள்ளாததை அடித்துவிட்டுப் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போடு என்றேன். பெரிய டீச்சருக்கு என்மேல் கோபம் என்று கேள்வி.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்களே: மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு என்றால் மூன்றரைக்குத் தொடங்கும், ஐந்துக்குள் முடிந்துவிடும். பேனா கொண்டு போங்கள். அங்கே ஒரே பேனாதான் சுற்றி வரும், உங்களிடம் வருவதற்குள் மை தீர்ந்திருக்கும்.