டைப் 1 சுகரோட சீலியாக்கும் இருந்தா ஏன் அடிக்கடி சுகர் லோ ஆகுது?
சாப்பாட்டுல இருக்கிற கார்ப், அதாவது மாவுச்சத்தை எண்ணித்தான் இன்சுலின் போடுறேன், அப்புறமும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே லோ ஆகுது, இப்பதான் சீலியாக்னு சொன்னாங்கன்னு கேட்டிருக்கீங்க. உங்க மேல தப்பே இல்லங்க. சீலியாக்ங்கிறது கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதம் ஒத்துக்காத நோய், அந்த க்ளூட்டனால சிறுகுடல்ல சத்தை உறிஞ்சுற குடலுறிஞ்சிகள் தேஞ்சு போயிருக்கும், அதனால சாப்பாட்டுல இருக்கிற சர்க்கரை ரத்தத்துக்கு லேட்டா, குறைவா வந்து சேரும், ஆனா போட்ட இன்சுலின் அதுக்காக காத்திருக்காதே, அது பாட்டுக்கு வேலையை ஆரம்பிச்சிடும்.

க்ளூட்டனை முழுசா நிறுத்தி குடல் ஆற ஆற சத்து நல்லா உறிஞ்சும், அப்போ இன்சுலின் தேவையும் ஏறலாம், அதனால முதல் சில மாசம் சுகரை அடிக்கடி பாருங்க, டோஸை டாக்டர்கிட்ட பேசி மாத்துங்க. இன்னொண்ணு, பாக்கெட்ல க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருந்தா சுகருக்கு நல்லதுன்னு நம்பிடாதீங்க, பல ஐட்டத்துல வெறும் அரிசி மாவும் ஸ்டார்ச்சும்தான், நார்ச்சத்து கம்மி, சுகர் சட்டுனு ஏறும். லோ ஆனா எடுக்கிற குளுக்கோஸ் மாத்திரையில க்ளூட்டன் இல்லையான்னு லேபிளையும் ஒருதடவை பாத்துடுங்க.