கோபம் வந்தால் எனக்கு ஏன் அழுகை வருகிறது?

கேள்வி: வயது 29. பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் செய்யாத பிழைக்கு முகாமையாளர் எல்லார் முன்னாலும் ஏசுவார். பதில் சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது. எனக்குக் கவலையே இல்லை, கோபம்தான். ஆனால் என்னைத் தொட்டாச்சிணுங்கி என்கிறார்கள். இதை எப்படி நிறுத்துவது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, நீங்கள் தொட்டாச்சிணுங்கி இல்லை. அழுகையைப் பல வருடமாக ஆராய்ந்த நெதர்லாந்து உளவியலாளர் அட் விங்கர்ஹூட்ஸ், அதன் அடியில் பெரும்பாலும் இருப்பது கையாலாகாத நிலை என்கிறார். உங்கள் கடிதத்திலும் அதைத்தான் பார்க்கிறேன். பிழை உங்களுடையது இல்லை. ஆனால் ஏசுகிறவர் மேலதிகாரி, திருப்பி ஏச முடியாது. அந்தக் கோபம் போக வழியில்லாமல் கண்ணில் வந்து நிற்கிறது.

அதை மனவுறுதியால் அடக்கிவிடலாம் என்று நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். கண்ணீர்ச் சுரப்பி ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே, வெளி ஓரத்தில் இருக்கிறது. இதயத் துடிப்பைப் போல அதுவும் நம் சொல் கேட்காத நரம்புகளின் ஆட்சியில்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று கீழிமையை மூக்குக்குக் கிட்டிய ஓரத்தில் லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள், ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான். துளை தாங்காத மிச்சம் கன்னத்தில் வழிகிறது. தொண்டை அடைப்பதற்கும் காரணம் உண்டு. உணர்ச்சி வேகத்தில், காற்று நிறைய உள்ளே போகட்டும் என்று குரல்வளை விரிந்து நிற்கும். விழுங்கப் போனால் அது மூட வேண்டும். அந்த இழுபறிதான் கட்டி போலத் தெரிகிறது.

“அழுதால் நஞ்செல்லாம் வெளியே போய்விடும்” என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். 1981இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஃப்ரே, வெங்காயத்தால் வந்த கண்ணீரைவிட உணர்ச்சியால் வந்த கண்ணீரில் புரதம் கூடுதலாக இருப்பதைக் கண்டார். அது உண்மை, ஆனால் நஞ்சு கழுவப்படுகிறது என்பதற்கு அது சான்று ஆகாது. அழுத உடனே மனம் லேசாகிவிடும் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. 2015இல் தில்பர்க் பல்கலைக்கழகத்தில் சோகப் படம் காட்டிப் பார்த்தார்கள். அழுதவர்களின் மனநிலை முதலில் இன்னும் கீழே இறங்கியது. ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் படம் பார்க்கும் முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆகவே அழுத கையோடு இராஜினாமாக் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

அடுத்த முறை தொண்டை இறுகத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள். “சேர், மத்தியானம் வந்து கதைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழும்பலாம். மத்தியானம் போகும்போது பில், பதிவேடு எல்லாம் கையில் இருக்கட்டும். அப்போதும் கண் கலங்கினால் லேஞ்சியால் துடைத்துவிட்டு, “கோபத்தில் கண் கலங்குது, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்” என்று தொடருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எனக்குக் கவலையெல்லாம் அந்த முகாமையாளரைப் பற்றித்தான். எல்லார் முன்னாலும் ஏசுவது தொடர்ந்தால், திகதியோடு எழுதி மனிதவளப் பிரிவுக்குக் கொடுங்கள்.

காரணமே இல்லாமல் அழுகை வந்து, நித்திரையும் சாப்பாடும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பிப் போனால் அது வேறு விஷயம். அப்போது தாமதிக்காமல் ஒரு வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.