தக்காளிச் செடி எதைக்கொண்டு போராடுகிறது?

‘செடிக்கு இரத்தமும் இல்லை, வெள்ளை அணுக்களும் இல்லை. நோய் தாக்கினால் எப்படிச் சமாளிக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நொதிகளையும் புரதங்களையும் கொண்டுதான். தாக்க வரும் பூஞ்சையின் ஆயுதமும் அவையே.

அழுகிய தக்காளியைத் தொட்டால் விரல் உள்ளே போய்விடுகிறது அல்லவா? செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையைப் பூஞ்சையின் நொதிகள் சிதைத்ததால் வந்த குழைவு அது.

செடி பதிலுக்கு, கைட்டின் என்னும் உறுதியான பொருளை வெட்டும் கைட்டினேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் உண்டு. செடியின் செல்சுவரில் கிடையாது. எனவே வெட்டு எதிரிக்கு மட்டுமே விழுகிறது. ஆனால் தக்காளி இலையில் பூசணம் படரச்செய்யும் ஒரு பூஞ்சை, ஏவிஆர்4 என்ற புரதத்தால் தன் கைட்டினைப் போர்த்திக்கொள்கிறது. சில தக்காளி வகைகள் அதையும் விடுவதில்லை. அவற்றின் சிஎஃப்4 என்ற உணர்புரதம் அந்தப் போர்வையையே அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே அந்த இடத்துச் செல்கள் தாமாகவே மடிகின்றன. உயிருள்ள செல்களை நம்பி வந்த பூஞ்சை பட்டினி கிடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இது.

பூச்சிகளுக்கு வேறு வழி. வண்டு கடித்ததும், கடிபடாத இலைகளிலும்கூடச் செரிமான நொதியை முடக்கும் புரதங்கள் சேர்வதை 1972-இல் அமெரிக்காவில் கிரீன், ரயன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். அந்த இலையைத் தின்னும் பூச்சிக்குப் புரதம் சரிவரச் செரிக்காது, வளர்ச்சி குன்றும். கடிபட்ட செய்தி மற்ற இலைகளுக்கும் பரவத் தூண்டும் சிஸ்டமின் என்ற பொருள், வெறும் 18 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி என்பது 1991-இல் தெரியவந்தது.