டைம்யோக்கள் கோட்டைக் கோபுரத்தில் வாழவில்லை

கேள்வி: ஒரு வாரப் பயணமாகக் குடும்பத்துடன் ஜப்பான் செல்கிறோம். அந்தக் காலத்து நிலப்பிரபுக்களான டைம்யோக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நேரில் பார்க்க ஆசை. ஒசாகா கோட்டையைப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஒசாகாவில் இன்று நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது. அசல் மரக் கோபுரம் வேண்டுமென்றால் 1609இல் கட்டிய ஹிமேஜி கோட்டை இருக்கிறது. ஆனால் அங்கும் டைம்யோவின் குடும்பம் குடியிருந்தது கோபுரத்தில் அல்ல. கோபுரம் போருக்கும் பெருமைக்கும் உரியது. வாழ்க்கையும் நிர்வாகமும் நடந்தது அதன் காலடியில் பரந்திருந்த 'கோதென்' என்ற மாளிகையில். 1871இல் டைம்யோக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டன. கோதென்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

அவற்றில் ககெகவாவுக்கு அவசியம் போய்வாருங்கள். டோக்கியோ – ஒசாகா ஷின்கான்சென் (அதிவேக ரயில்) பாதையிலேயே இருக்கும் ஊர் அது. அங்கே எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் 'கொதாமா' வகை ரயில்கள் மட்டுமே நிற்கும் என்பதை டிக்கெட் எடுக்கும்போது மறந்துவிடாதீர்கள். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1854 நிலநடுக்கத்துக்குப் பிறகு மீண்டும் கட்டிய மாளிகை அது. முதலில் வாசல்களைப் பாருங்கள். டைம்யோவுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் முகப்பு வாசல். மற்ற சாமுராய்களுக்குப் பக்கவாசல். காலாட்படையினருக்கு வடபுறத்து மண்தரை. உள்ளே தங்கமும் இல்லை, சிம்மாசனமும் இல்லை. ததாமி பாய் விரித்த அறைகள் ஒன்றுக்குள் ஒன்றாக நீள்கின்றன. எந்த அறைவரை வர அனுமதி என்பதிலேயே ஒருவருடைய தகுதி தெரிந்துவிடும்.

இவ்வளவு எளிமையா என்று வியக்க வேண்டாம். ககெகவா ஏறத்தாழ 50,000 கொகு வருவாய் மதிப்புள்ள சிறிய பகுதி. ஒரு கொகு என்பது சுமார் 180 லிட்டர் அரிசி. ஒருவர் ஓராண்டு உண்ணும் அளவு. 10,000 கொகு இருந்தால்தான் டைம்யோ. கனஸாவாவின் மாயெதா குடும்பத்துக்கோ 10 லட்சத்துக்கும் மேல்! அவர்களுடைய கென்ரொகுயென் தோட்டத்தில் நடந்தால் அந்தச் செல்வம் புரியும்.

கியோத்தோவின் நிஜோ மாளிகை பேரழகு, தவறவிடாதீர்கள். ஆனால் அது டைம்யோக்களுக்கெல்லாம் மேலே இருந்து நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுடையது. டைம்யோக்கள் அங்கே தலைவணங்கக் காத்திருந்தவர்கள்.

மாளிகைகளோடு நின்றுவிட்டால் அவர்கள் வாழ்வில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். 1635 முதல் டைம்யோக்கள் பெரும்பாலும் ஓராண்டு சொந்த ஊரிலும் ஓராண்டு ஷோகனின் எடோவிலும், அதாவது இன்றைய டோக்கியோவிலும், மாறி மாறி இருக்க வேண்டும் என்பது சட்டம். மனைவியும் வாரிசும் எடோவிலேயே, பிணையாகவே. அவர்களுடைய பெண்கள் தப்பிப் போகாமல் ஹகோனே சோதனைச் சாவடியில் கடுமையாகச் சோதித்தார்கள்; மீட்டுக் கட்டிய அந்தச் சாவடியை இன்றும் பார்க்கலாம்.

பரிவாரங்களோடு வரும் டைம்யோ இரவு தங்கிய விடுதிக்கு 'ஹொன்ஜின்' என்று பெயர். கியோத்தோவிலிருந்து சிறிது தூரத்தில், குசாட்சுவில் ஒன்று அப்படியே இருக்கிறது. தங்கும் டைம்யோவின் பெயர் எழுதி வாசலில் வைத்த மரப்பலகைகள் அங்கே உள்ளன. அவர் உறங்கிய அறையின் தரை மட்டும் ஒரு படி உயரம். அதன் எதிரில் சற்று நேரம் அமைதியாக உட்காருங்கள். பிள்ளைகளையும் உட்காரச் சொல்லுங்கள்.