எலுமிச்சை ஜூஸ் கடைக்கு எவ்வளவு முதல் கொடுக்கலாம்?

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. டி.வி.யில் பார்த்த ஒரு கார்ட்டூனில் பிள்ளைகள் வீட்டு வாசலில் மேஜை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்கிறார்கள். கதை முடிவதற்குள் சைக்கிள் வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்துவிடுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து, எங்கள் அபார்ட்மெண்டில் ஞாயிறு சாயங்காலம் கடை போட்டே தீருவோம் என்று இருவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். 'படிக்கிற வயதில் காசு ஆசை வந்துவிடும்' என்கிறார் கணவர். எனக்கு அனுமதிக்கலாம் என்று தோன்றுகிறது. எப்படித் தொடங்குவது, எவ்வளவு பணம் கொடுப்பது, நட்டம் வந்தால் என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: அனுமதியுங்கள். ஆனால் இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு. கார்ட்டூன் காட்டாமல் விட்டதெல்லாம் நடுவில் இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது. கதையில் மேஜை வருகிறது, பலகை வருகிறது, வாங்குபவர்கள் வரிசையில் வருகிறார்கள், காசு வருகிறது. எலுமிச்சையை யார் காசில் வாங்கினார்கள் என்பது மட்டும் வருவதில்லை. சர்க்கரை அம்மாவின் சமையலறையிலிருந்து வருகிறது, அதனால் அது சும்மா கிடைப்பது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. கல்லாவில் விழுவதெல்லாம் லாபம் என்ற தப்புக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கணவரின் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடை முடிந்து கையில் வந்த 525 ரூபாயை வைத்துக்கொண்டு, 'இதில் 300 அம்மா கொடுத்த முதல், என்னுடையது இல்லை' என்று தானே எழுதித் தனியே எடுத்து வைக்கும் பிள்ளைக்கு ஆசை வருவதற்கு முன் கணக்கு வந்துவிடும். அதற்கு நீங்கள் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: வீட்டுச் சாமான் எதையும் சும்மா கொடுக்காதீர்கள். உங்கள் டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்தால் நிறுத்து, விலை போட்டு, நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

முதலில் காகிதத்தில் விளையாட விடுங்கள். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1973இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பள்ளிப் பிள்ளைகளுக்காக எலுமிச்சை ஜூஸ் கடையை வைத்தே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார்கள். ஒவ்வொரு காலையும் வானிலையைப் பார்த்து மூன்று முடிவு எடுக்க வேண்டும்: எத்தனை கிளாஸ் கலக்குவது, எத்தனை விளம்பரப் பலகை வைப்பது, என்ன விலை வைப்பது. பிள்ளைகள் இருவரும் ஒரு பகடையை உருட்டி இதையே ஆடலாம். 1, 2 விழுந்தால் மழை, 12 டம்ளர்தான் போகும். 3, 4 விழுந்தால் மூட்டம், 24 போகும். 5, 6 விழுந்தால் நல்ல வெயில், கலக்கிய அத்தனையும் போகும். உருட்டுவதற்கு முன்பே எத்தனை டம்ளர் கலக்கப் போகிறோம் என்று எழுதிவிட வேண்டும். ஏழு தடவை ஆடினால், ஆசைப்பட்டு நிறையக் கலக்கினால் என்ன ஆகும், பயந்து குறைவாகக் கலக்கினால் என்ன ஆகும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிடிபட்டுவிடும்.

இனி நிஜக் கணக்கு. முதல் தடவைக்கு 40 டம்ளர் போதும். டம்ளருக்கு 150 மில்லி என்றால் மொத்தம் 6 லிட்டர். நடுத்தர அளவு நாட்டு எலுமிச்சை ஒன்றில் சுமார் 15 மில்லி சாறு வரும். 450 மில்லி சாறுக்கு 30 பழம் வேண்டும், அழுகலுக்கும் வறண்ட பழத்துக்கும் சேர்த்து 34 வாங்குங்கள். சர்க்கரை 700 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன், விருப்பம் இருந்தால் 50 கிராம் இஞ்சி. மீதி தண்ணீர், ஏறக்குறைய 5 லிட்டர்.

பழம் ஒன்று 5 ரூபாய் என்று வைத்தால் 170. சர்க்கரை 32, உப்பும் இஞ்சியும் 10, ஒரு கேன் தண்ணீர் 40, ஐஸுக்கு 20, சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் 28. ஆக 300 ரூபாய். இதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய முதல். உங்கள் ஊர் விலையைக் கேட்டு வந்து அவர்களே இந்தத் தொகையைத் திருத்தட்டும். பழம் வாங்க உழவர் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்காமல் வாங்கக்கூடாது என்று மட்டும் சொல்லி வையுங்கள். தோல் மெலிதாக, அழுத்தினால் லேசாக அமுங்கும் மஞ்சள் பழத்தில்தான் சாறு அதிகம். கெட்டியான பச்சைப் பழம் பார்க்கப் பெரிதாக இருக்கும், பிழிந்தால் ஏமாற்றும்.

அடக்க விலையைக் கணக்கிடும்போது 300ஐ 40ஆல் வகுத்து 'ஏழரை ரூபாய்' என்பார்கள். அங்கே நிறுத்துங்கள். 40 டம்ளரும் விற்காது. ருசி பார்க்கக் கொடுத்தது மூன்று, கொட்டியது இரண்டு என்று போனால் விற்பது 35தான். 300ஐ 35ஆல் வகுத்தால் எட்டரை ரூபாய்க்கு மேல் வருகிறது. டம்ளர் 10 ரூபாய்க்கு விற்றால் வரவு 350, மிஞ்சுவது 50. 15 ரூபாய் என்றால் வரவு 525, மிஞ்சுவது 225.

இந்தக் கணக்கில் நான் மிக முக்கியமாக நினைக்கும் எண் 20. டம்ளர் 15 ரூபாய் என்றால் 20ஆவது டம்ளரில் முதல் திரும்புகிறது. அதுவரை வந்த காசு முழுக்க அம்மாவுடையது, 21ஆவதிலிருந்துதான் அவர்களுடையது. ஒரு தாளில் 40 கட்டம் போட்டு, 20ஆவது கட்டத்துக்குப் பிறகு சிவப்புக் கோடு இழுத்து, விற்க விற்க மகன் ஒவ்வொரு கட்டமாக அடிக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு லாபம் என்ற சொல்லை விளக்க வேண்டியதே இல்லை, கோட்டைத் தாண்டும்போது அவனுக்கே தெரியும். கோடையில் பழம் 10 ரூபாய் ஆகிவிட்டால் முதல் 470 ஆகும், கோடு 32ஆவது கட்டத்துக்குப் போய்விடும். விலையை ஏற்றுவதா, டம்ளர் அளவைக் குறைப்பதா, நன்னாரி சர்பத்துக்கு மாறுவதா என்று அவர்களே யோசித்துச் சொல்லட்டும். தண்ணீரைக் கூட்டி ஊற்றலாம் என்று யாராவது சொன்னால், ஒரு டம்ளர் அப்படிக் கலந்து அவர்களையே குடிக்கச் சொல்லுங்கள்.

கலக்குவதில் இரண்டு தவறு வழக்கமாக நடக்கும். ஒன்று, மதியமே சாறு பிழிந்து மொத்தமாகக் கலக்கி வைப்பது. கொட்டையும் உள்தோலும் நசுங்கிய சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். காலையில் சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, உப்பும் சேர்த்து, ஆறவைத்துக்கொள்ளுங்கள். பழத்தைக் கடை போடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு பிழிந்து, வடிகட்டி, பத்துப் பத்து டம்ளராகக் கலக்குங்கள். மழை வந்து கடையைப் பாதியில் மூடினாலும் பாகும் தண்ணீரும் வீணாகாது. இரண்டாவது தவறு, ஐஸை ஜூஸுக்குள் போடுவது. முதல் டம்ளர் உறைப்பாகவும் கடைசி டம்ளர் சப்பென்றும் ஆகிவிடும். வெளியில் வாங்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதும் சந்தேகம். ஒரு வாளியில் ஐஸைப் போட்டு, ஜூஸ் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வையுங்கள். பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகாது.

டம்ளர் விஷயம் தனி. பிளாஸ்டிக் கப்பும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வீட்டு எவர்சில்வர் டம்ளர் 15 எடுத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று என்று இரண்டு வாளி வைக்கலாம். அதைவிடச் சுலபம், 'சொந்த டம்ளர் கொண்டு வந்தால் 2 ரூபாய் குறைவு' என்று பலகையில் எழுதுவது. அபார்ட்மெண்டில் இது நன்றாகவே நடக்கும். ஆனால் அந்த 2 ரூபாயால் சிவப்புக் கோடு கொஞ்சம் தள்ளிப் போகும், அதையும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இடத்துக்கு அசோசியேஷனிடம் உங்கள் மகளே போய்க் கேட்கட்டும், நீங்கள் கூட நின்றால் போதும். வாகனம் நுழையும் கேட் பக்கம் வேண்டாம். விளையாட்டுத் திடலிலிருந்து லிஃப்டுக்குப் போகும் வழியில் நிழல் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, வேர்த்து வருபவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். நாலரை முதல் ஆறரை வரை கடை. காசு வாங்குபவர் டம்ளரைத் தொடக்கூடாது. அரைமணிக்கு ஒரு தடவை கையைக் கழுவிவிட்டு வேலையை மாற்றிக்கொள்ளலாம். லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று கடைக்கு முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடட்டும். காசைப் பார்த்த பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும். நீங்கள் கண்ணெட்டும் தூரத்தில் உட்காருங்கள், மேஜைப் பக்கம் போகாதீர்கள்.

15 ரூபாய் என்று விலை வைத்தால் சில்லறை இல்லாமல் திண்டாடுவார்கள். ஐந்து ரூபாய் நாணயம் பத்தும், பத்து ரூபாய்த் தாள் பத்தும், ஆக 150 ரூபாய் சில்லறையாகப் போட்டுத்தான் கல்லாவைத் திறக்க வேண்டும். சாயங்காலம் எண்ணும்போது இந்த 150ஐ மறந்து லாபத்தில் சேர்ப்பது பெரியவர்கள் கடையிலேயே நடக்கும் தவறு. பெட்டியின் மூடியிலேயே '150 சில்லறை' என்று எழுதி ஒட்டுங்கள். போனில் பணம் அனுப்புபவர்களுக்கு உங்கள் க்யூ.ஆர். கோடுதான். கட்டத்தில் 'போ' என்று குறித்துவிட்டு, அந்தத் தொகையை அன்றிரவே ரொக்கமாக எடுத்து அவர்களிடம் கொடுங்கள். மறுநாள் என்று தள்ளினால் கணக்கு ஒட்டாது.

உறவினர்களையும் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். தாத்தா வந்து பத்து டம்ளர் வாங்கி, 500 ரூபாய் நீட்டி, மீதியை வைத்துக்கொள் என்றால் பிள்ளைகள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். ஆளுக்கு ஒரு டம்ளர், அதே விலை என்று சொல்லி வையுங்கள். யாராவது கூடக் கொடுத்தே தீருவேன் என்றால் அது வேறு டப்பாவில் போகட்டும். 'அப்புறம் தர்றேன் பாப்பா' என்பவர்களும் வருவார்கள். பெரியவர்களிடம் பாக்கி கேட்கப் பிள்ளைகளுக்கு வாய் வராது. 'இன்று கடன் இல்லை' என்று பலகையிலேயே எழுதிவிட்டால் சங்கடம் இல்லை.

கடை மூடியதும் கணக்கு வரிசையாக வரட்டும்: முதலில் சில்லறை 150 வெளியே, பிறகு அம்மாவின் 300, பிறகு மீதி. 225 மிஞ்சியிருந்தால் அதை உழைத்த நேரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். வாங்கியது, பிழிந்தது, விற்றது, கழுவியது எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் இருவருக்கும் எட்டு மணி. மணிக்கு 28 ரூபாய் சொச்சம். கார்ட்டூனில் வந்த சைக்கிளுக்கு எத்தனை ஞாயிறு ஆகும் என்று அவர்களே சொல்வார்கள். லாபத்தில் பாதியை அடுத்த முதலுக்கு எடுத்து வைக்கச் சொல்லலாம். மகளுக்குப் பத்து வயது நிரம்பியிருந்தால் தபால் அலுவலகத்தில் தானே நடத்தும் சேமிப்புக் கணக்கும் தொடங்க முடியும்.

நட்டம் வந்தால் தள்ளுபடி செய்யாதீர்கள், திட்டவும் வேண்டாம். 12 டம்ளர்தான் விற்றது என்றால் வரவு 180, பாக்கி 120. அதை நோட்டில் எழுதி, அடுத்த கடையின் வரவிலிருந்து திருப்பட்டும். பிறந்தநாள் காசில் கை வைக்க வேண்டாம். வட்டியும் இந்த வயதுக்கு வேண்டாம்.

மாதம் ஒன்று, அதுவும் விடுமுறை நாளில் என்றால் விளையாட்டாகவே இருக்கும். வாராவாரம் உணவுப் பொருள் விற்பது என்று ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், அதைப் பெரியவர் பெயரில்தான் செய்ய முடியும். இந்த மாதிரிக் கடைக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே அனுமதி இல்லை என்று பிள்ளைகளின் மேஜையை அதிகாரிகள் மூடவைத்தது உண்டு. அதற்காகவே டெக்சாஸ் மாநிலம் 2019இல் தனிச் சட்டம் போட்டு விலக்குக் கொடுத்தது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லாததால் அபார்ட்மெண்டுக்குள்ளேயே, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கட்டும்.

ஆறரைக்கு மேல் கலக்கியது மீந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் விற்க விடாதீர்கள். செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நோட்டில் 'கொடுத்தது 5' என்று அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.