சேலத்திலிருந்து இரண்டு நாளில், நண்பர்கள் குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு எந்தக் கடற்கரைக்குப் போய் வரலாம்?

தரங்கம்பாடி. போன பிப்ரவரியில் நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் போனோம். கூட ஐந்து வாண்டுகள். மூத்தவனுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்கு இரண்டு.

பாண்டிச்சேரி இன்னும் பக்கம்தான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும்.

விடிகாலை நாலரைக்கு அம்மாபேட்டையில் கிளம்பி ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், சிதம்பரம் என்று போனோம். ஏற்காட்டு ரோட்டில் பத்தாவது கொண்டை ஊசிக்குள் வாந்தி எடுத்துவிடும் என் மகள், அன்று சிதம்பரம் வரை அசையாமல் தூங்கினாள். கடலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பக்கத்துக் கரை எங்கப்பா?" அவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஏற்காடு ஏரிதானே.

நேரத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், ஒன்பது மணிக்கு மேல் மணலும் சுட ஆரம்பித்துவிடும். நாலு மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். ஆக, விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அப்புறம் மாலை நாலிலிருந்து இருட்டும் வரை. அதுதான் கடல் நேரம். நடுவில் சாப்பாடு, தூக்கம், கோட்டை.

கோட்டை டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் கதையெல்லாம் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. எடுபட்டது பக்கத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் பாண்டியர் காலத்தில் கட்டியது, அதில் ஒரு பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. "கடல் கோயிலையே தின்னுடுச்சா?" என்று கேட்ட மூத்தவன், அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் போகவே இல்லை. நாங்கள் காலையிலிருந்து கத்தியும் நடக்காத காரியம்.

இனி முக்கியமானது. முதல் நாள் மாலை ஆறு பெரியவர்களும் கரையில்தான் நின்றோம். நாலு வயதுப் பையன் ஒருவன் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். திரும்பிப்போன அலை அவனை இரண்டு அடி இழுத்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நொடியில் யார் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டால், ஒருவருமில்லை. அடுத்தவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். ஆறு பேர் இருப்பதுதான் ஆபத்து. மறுநாள் ஒரு சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டோம். துண்டு யார் தோளில் கிடக்கிறதோ, அவருக்குப் போனும் கிடையாது, பேச்சும் கிடையாது, கண் தண்ணீரில்தான். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை துண்டு கைமாறும். இரண்டு வயதுக் குட்டிக்குத் தனியாக ஒரு ஆள், கை எட்டும் தூரத்தில். அலைக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறக்கிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போகும் வழி பெரும்பாலும் அதுதான். கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலும் ஏற விடாதீர்கள், வழுக்கும்.

சேலத்துக்காரர்கள் என்பதால் தட்டுவடை, பீட்ரூட் துருவல், சட்னி என்று டப்பா டப்பாவாகக் கொண்டுபோயிருந்தோம். அதைக் கடற்கரையில் பிரித்தது மடத்தனம். காற்றில் பறந்த மணலையும் சேர்த்துத்தான் மென்றோம். அறையில் வைத்தே, இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவலும் சட்னியும் வைத்து, செட் போட்டுச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகளைக் காரில் ஏற்றுவதற்கு முன்னால் காலில் முகப்பவுடர் தூவித் தட்டினால் ஒட்டிய மணல் உதிர்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் காலம், வேண்டாம். சின்ன ஊர், தங்கும் அறைகள் குறைவு, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது.