வார்டுல நிக்கப் போறீங்களா? வாசகர் கேள்வி – பதில்

கட்சி இல்லாம, காசு இல்லாம உள்ளாட்சித் தேர்தல்ல நிக்கலாமான்னு கேட்டு வந்த கடிதங்கள்ல சிலதை இங்க எடுத்திருக்கேன். பேர் வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாரோட பேரையும் போடல. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால வயசு, டெபாசிட், செலவு வரம்பு இதெல்லாம் உங்க ஊர் தேர்தல் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, யாரோ சொன்னாங்கன்னு நம்பி இறங்காதீங்க.

கேள்வி: போன தடவை கவுன்சிலருக்கு நின்னு தோத்துட்டேன். நான் பொறந்து வளர்ந்த தெருவுலயே பாதி பேர் எனக்குப் போடல. ஜனங்களுக்கு நன்றியே கிடையாதா சார்?

பதில்: நன்றி இருக்கு. நீங்க அந்தத் தெருவுல வீட்டு வாசல்ல நின்னு ஓட்டு கேட்டீங்களாங்கறதுதான் என் சந்தேகம், கடிதத்துல அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே. அமெரிக்காவுல டிப் ஓ'நீல்னு ஒரு அரசியல்வாதி, பின்னாடி 1977-ல இருந்து 1987 வரைக்கும் பிரதிநிதிகள் சபைக்கு சபாநாயகரா இருந்தவர். அவர் காலேஜ் படிக்கும்போதே கேம்பிரிட்ஜ் நகர கவுன்சிலுக்கு நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தாரு, வாழ்க்கையில அவர் தோத்த ஒரே தேர்தல் அதுதான். மத்த ஏரியா எல்லாம் அலைஞ்சவரு சொந்த ஏரியாவை நம்மளுதுதானேன்னு விட்டுட்டாரு. எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க, நீ கேக்கலைன்னாலும் உனக்குத்தான் போடுவேன்னு சொல்லி, ஆனா ஜனங்களுக்கு தங்கள்கிட்ட வந்து கேக்கறது பிடிக்கும்ப்பான்னு புரிய வச்சாங்களாம். அதை அவர் கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு.

அடுத்த தடவை நிக்கற எண்ணம் இருந்தா இப்பவே போன தேர்தலோட பூத் வாரியான ரிசல்ட்டை எடுத்து வைங்க. எந்த பூத்ல நீங்க ஒரு தடவை கூட கால் வைக்கலையோ அங்க எவ்வளவு விழுந்துச்சு, நீங்க அதிகமா சுத்தின இடத்துல எவ்வளவு விழுந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, யாருக்கு நன்றி இல்லைங்கற கேள்விக்கு பதில் அதுலயே கிடைக்கும்.

கேள்வி: நான் குடும்பத் தலைவி. எங்க ஏரியா தண்ணிப் பிரச்சனைக்காக ரொம்ப நாளா மனு போட்டு அலையறேன். எல்லாரும் நீங்களே நில்லுங்கக்கான்னு சொல்றாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பதில்: வாக்காளர் பட்டியல்ல இருந்துதான்மா. போஸ்டர், சின்னம், மைக் எல்லாம் அப்புறம். பட்டியலை வாங்கி முதல்ல உங்க பேர் அதுல சரியா இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, ஒரு எழுத்து, ஒரு கதவு எண் தப்பானாலும் வேட்பு மனு பரிசீலனை அன்னிக்கு எதிராளி அதைத்தான் முதல்ல கிளப்புவாரு. உங்களை முன்மொழியறவங்க பேரும் சரியா இருக்கணும். வரி பாக்கி இருந்தா கட்டிடுங்க. மனுவை கடைசி நாள் கடைசி நேரத்துல கொண்டு போகாதீங்க, குறை இருந்தா திருத்தறதுக்கு நாள் வேணும்.

அப்புறம் ஒரு சின்ன கணக்கு போடுங்க. சும்மா உதாரணத்துக்கு உங்க வார்டுல 3,000 ஓட்டுன்னு வைப்போம். நூத்துக்கு 60 பேர் வந்து போட்டா 1,800. நாலு பேர் நின்னு ஓட்டு பிரிஞ்சா ஜெயிக்கிறவருக்கு 600, 700 வந்தாலே பெரிசு, நீங்க கூட்டி 750-ன்னு வச்சுக்கோங்க. ஒரு வீட்டுக்கு சராசரியா மூணு ஓட்டுன்னா மொத்தமே ஆயிரம் வீடு. தினம் 25 வீடுன்னா நாப்பது நாள்ல எல்லா வீட்டு வாசல்லயும் ஒரு தடவையாவது நீங்களே நின்னுடலாம், எம்.பி. தேர்தல்ல எந்தக் கோடீஸ்வரனாலயும் இது முடியாது. காசு இல்லாதவங்களுக்கு இருக்கற பெரிய வசதியே வார்டு சின்னதா இருக்கறதுதான்.

எல்லாரும் நில்லுன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த எல்லாரையும் ஒரு நோட்டுல பேர் போட்டு எழுதி ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், வாரத்துல ரெண்டு சாயங்காலம் என்கூட வருவீங்களான்னு கேட்டுப் பாருங்க. பத்துப் பேர் நிஜமா சரின்னு சொன்னா நில்லுங்க. ரெண்டே பேர்னா, அந்த ரெண்டு பேரோட இன்னும் கொஞ்ச நாள் தண்ணிப் பிரச்சனையையே பாருங்க.

கேள்வி: வீடு வீடா போகணும்னு சொல்றீங்க. எனக்கு கூச்ச சுபாவம். கதவைத் திறந்ததும் என்ன பேசறது? நோட்டீஸ் போட்டுட்டு வந்துட்டா போதாதா?

பதில்: போதாது. இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. 1998-ல நியூ ஹேவன்னு ஒரு அமெரிக்க ஊர்ல ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன்னு ரெண்டு பேராசிரியர்கள் ஏறக்குறைய 30,000 வாக்காளர்களை எடுத்து, சில பேர் வீட்டுக்கு ஆள் அனுப்பினாங்க, சில பேருக்கு தபால், சில பேருக்கு போன். ஆள் நேர்ல போன வீடுகள்ல இருந்து நல்லாவே கூடுதலா வந்து ஓட்டு போட்டாங்க, தபாலுக்கு ஏதோ கொஞ்சம், காசு குடுத்து ஆள் வச்சுப் பண்ணின போனுக்கு பலனே தெரியல. அதுக்கப்புறம் டேவிட் நிக்கர்சன்னு ஒருத்தர் ரெண்டு ஓட்டு இருக்கற வீடுகளா பாத்து சோதிச்சதுல, கதவைத் திறந்தவருக்கு வந்த ஆர்வத்துல சுமார் 60 சதவீதம் உள்ள இருந்த இன்னொருத்தருக்கும் தொத்திக்கிச்சு. வெளிய வராத மாமியார்கிட்டயும் நீங்க பேசினதா கணக்கு.

கூச்சம் நல்லதுதான், ரொம்பப் பேச மாட்டீங்க. வாசல்ல ஒரு அடி தள்ளி நில்லுங்க, பட்டியலைப் பாத்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க, நான் இன்னார், இந்த வார்டுல நிக்கறேன், உங்களுக்கு இங்க எது தொல்லையா இருக்குன்னு தெரிஞ்சுக்க வந்தேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. அவங்க பேசட்டும். விளக்கு எரியல, நாய்த் தொல்லை, பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை குறுக்க விடறான், எல்லாம் வரும். எழுதிக்கோங்க, அவங்க கண்ணு முன்னாடியே எழுதணும். முடியாததை முடியும்னு சொல்லாதீங்க, கவுன்சிலர் கையில இல்லாத விஷயம்னா அதை அப்படியே சொல்லி எந்த ஆபீஸ் பாக்குதுன்னு சொல்லுங்க, மனுஷங்க அதுக்கு மதிப்பு குடுப்பாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி, மறக்காம, உங்க ஓட்டு எனக்கு வேணும், போடுவீங்களான்னு நேரா கேளுங்க. பாதி வேட்பாளர்கள் இந்த ஒரு வாக்கியத்தை சொல்ல வெக்கப்பட்டு, "பாத்துக்கோங்க"ன்னு கையைக் கும்பிட்டு வந்துடறாங்க.

வெளிய வந்ததும் பட்டியல்ல ஒரு நம்பர் போடுங்க. நமக்குத்தான்னா 1, சாய்வாங்க போலன்னா 2, பிடிகுடுக்கலைன்னா 3, அந்தப் பக்கம்னா 4, பூட்டிக் கிடந்தா பூஜ்யம். பூஜ்யத்துக்கு வேற நேரத்துல மறுபடி போகணும். 4 கிட்ட வாதாடாதீங்க, உங்களுக்கு சாயங்காலம் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, அதுல அரை மணியை ஒரு எதிர்க்கட்சிக்காரர் சந்தோஷமா எடுத்துக்குவாரு. "சரி சரி பாக்கலாம்"னு சொன்னவங்களை 1-ல போடாதீங்க, அது 3.

கேள்வி: இந்தக் காலத்துல ரீல்ஸ், ட்ரோன் வீடியோ இல்லாம தேர்தலா? எங்க டீம் பசங்க எல்லாம் எடிட்டிங்ல கில்லி. தெருவுல அலையறது பழைய ஸ்டைல் இல்லையா அண்ணே?

பதில்: தம்பி, வீடியோ பாக்கறவன்ல எத்தனை பேர் உங்க வார்டு? ஒரு லட்சம் வியூ வந்து அதுல உங்க பட்டியல்ல இருக்கறவங்க நாப்பது பேர்னா அந்த வீடியோவால உங்களுக்கு நாப்பது பேர்தான். தெரு வாரியா வாட்ஸ்அப் குரூப் இருந்தா அது நிஜமாவே உதவும், ஆனா தினமும் குட்மார்னிங் போட்டீங்கன்னா மியூட் பண்ணிடுவாங்க. எடிட்டிங் தெரிஞ்ச பசங்களை அந்த 1, 2, 3, 4 நம்பரை எல்லாம் ஒழுங்கா ஒரு ஷீட்டுல ஏத்தச் சொல்லுங்க, அந்த வேலைக்குத்தான் எந்த டீம்லயும் ஆள் கிடைக்க மாட்டேங்குது. வீட்டு முன்னாடி வைக்கற போர்டு பத்தியும் ஒரு ஆராய்ச்சி 2016-ல வந்துச்சு, அதுல இருந்த நாலு சோதனையையும் சேர்த்துப் பாத்தா சராசரியா 1.7 சதவீதப் புள்ளி ஓட்டுதான் கூடுது. இழுபறியான போட்டியில அதுவும் பெரிசுதான், வேண்டாம்னு சொல்லல, அதுக்காக வீட்டுக்குப் போறதை விட்டுடாதீங்க.

கேள்வி: என் மனைவியை நிக்க வைக்கறேன். அவங்களுக்கு பேச வராதுங்கறதால பிரச்சாரம் முழுக்க நானே பாத்துக்கறேன். போஸ்டர்ல என் படம் பெரிசா போடலாமா?

பதில்: உங்களைத்தான் முதல்ல திட்டணும்னு நினைச்சேன். நிக்க வைக்கறேன்னா என்ன அர்த்தம், அவங்க என்ன கொடிக்கம்பமா? ஜெயிச்சா மீட்டிங்ல உக்காந்து கையெழுத்துப் போடறது அவங்க, தப்பு நடந்தா பதில் சொல்ல வேண்டியதும் அவங்கதான், நீங்க இல்ல. பேச வராதுங்கறது உங்க தீர்ப்பா அவங்க சொன்னதா? மேடையில வராம இருக்கலாம், வீட்டு வாசல்ல ஒரு பொம்பளைகிட்ட இன்னொரு பொம்பளை பேசறதை ஒரு நாள் சும்மா தள்ளி நின்னு பாருங்க, உங்க பாதி பேச்சு தேவைப்படாதுன்னு தெரிஞ்சிடும். நீங்க செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு: அவங்க வெளிய போயிருக்கற சாயங்காலம் சமையலும் பசங்களும் உங்க பொறுப்பு, செலவுக் கணக்கு எழுதுங்க, நோட்டீஸ் மடிங்க. போஸ்டர்ல அவங்க படம் மட்டும்.

இன்னொண்ணு, பொம்பளை வேட்பாளர்னா அசிங்கமான வதந்தி கிளம்பும், அதுக்கு இப்பவே தயாரா இருங்க. ஒவ்வொரு வதந்திக்கும் பதில் போஸ்ட் போட்டு அதை நீங்களே ஊர் முழுக்க பரப்பாதீங்க. மிரட்டல், ஆபாசம்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து போலீஸ்ல எழுத்துல புகார் குடுங்க.

கேள்வி: எதிராளி ஓட்டுக்கு காசு குடுக்கறாரு. நாங்களும் கொஞ்சமாவது குடுக்கலைன்னா டெபாசிட் கூட தேறாதுன்னு கூட இருக்கறவங்களே சொல்றாங்க.

பதில்: குடுக்காதீங்க. அது சட்டப்படி குற்றம், ஜெயிச்சாலும் பதவி போகலாம். அதை விட்டுட்டு வெறும் கணக்கா பாத்தாலும் அவர் அளவுக்கு உங்களால குடுக்க முடியாது, கம்மியா குடுத்த ரெண்டாவது ஆள்னு பேர் மட்டும்தான் மிஞ்சும். காசு வாங்கினவங்களை கேவலமாவும் பேசாதீங்க, அவங்க ஓட்டும் உங்களுக்கு வேணும். ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டீங்கன்னு யாராலயும் பாக்க முடியாதுன்னு மட்டும் திரும்பத் திரும்ப சொல்லுங்க, இந்த பயம் நாம நினைக்கறதை விட நிறைய பேருக்கு இருக்கு.

உங்க செலவுக்கு தெரிஞ்சவங்ககிட்ட சின்னச் சின்னதா நன்கொடை கேளுங்க, ரசீது குடுங்க, சட்டம் யார்கிட்ட வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம்னு சொல்லுதோ அதுக்குள்ள. கொஞ்சம் பணம் குடுத்தவன் உங்க ஜெயிப்புல தனக்கும் பங்கு இருக்குன்னு நாலு பேர்கிட்ட பேசுவான். கான்ட்ராக்டர் ஒருத்தரே மொத்தமா தர்றேன்னு வந்தா மட்டும் நன்றி சொல்லி அனுப்பிடுங்க. தோத்தாலும் செலவுக் கணக்கை நாள் தவறாம தாக்கல் பண்ணுங்க, பண்ணாம விட்டு அடுத்த தேர்தல்ல நிக்க முடியாம தடை வாங்கற ஊர்கள் இருக்கு.

கேள்வி: வாக்குப்பதிவு அன்னிக்கு எங்க பத்துப் பேரும் என்ன பண்ணணும்?

பதில்: அன்னிக்கு யார் மனசையும் மாத்தப் போறதில்ல. முன்னாடி நாளும் அப்படித்தான். 2018-ல ஜோஷ்வா கல்லா, டேவிட் புரூக்மேன்னு ரெண்டு பேர் 49 சோதனைகளை சேர்த்துப் பாத்ததுல, கட்சிகள் மோதற பெரிய தேர்தல்கள்ல பிரச்சாரத்தால ஆள் மாத்திப் போட்டவங்க சராசரியா கிட்டத்தட்ட யாருமே இல்லைன்னு வந்துச்சு. கட்சி அடையாளம் முன்னாடி நிக்காத போட்டியில அந்தளவு இறுக்கம் இருக்காது, அதனாலதான் அந்த நாப்பது நாள் உங்களுக்கு முக்கியம். ஆனா கடைசி ரெண்டு நாள் 1-ம் 2-ம் போட்ட வீடுகள் மட்டும்தான். போய், எத்தனை மணிக்குப் போவீங்க, யார் கூட போவீங்க, பிள்ளையை யார் பாத்துப்பாங்கன்னு கேளுங்க. கேக்கறதுக்கு அல்பமா இருக்கும், ஆனா இப்படி நேரத்தையும் வழியையும் வாயால சொல்ல வச்சா கூடுதலா வர்றாங்கன்னு 2008-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பிரைமரியில, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல்ல, சோதிச்சுப் பாத்திருக்காங்க, குறிப்பா தனியா இருக்கறவங்க.

காலையில இருந்து பூத்துக்குள்ள உங்க ஏஜென்ட் யார் யார் வந்தாங்கன்னு குறிக்கணும், வெளிய இருக்கறவங்க சட்டம் அனுமதிக்கற தூரத்துல நின்னு அந்தப் பட்டியலை வச்சு மதியத்துக்கு மேல வராத 1-களை மட்டும் வீட்டுல போய்க் கூப்பிடணும். வண்டியில ஏத்திட்டு வரலாமான்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, பல இடத்துல அது தப்பு.

கேள்வி: ஒரு ஓட்டுல என்ன ஆகிடும், வெளியூர்ல இருக்கற என் தம்பி வரணுமா?

பதில்: வரச் சொல்லுங்க. 2008 ராஜஸ்தான் சட்டசபைத் தேர்தல்ல நாத்துவாரா தொகுதியில காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி வாங்கினது 62,215 ஓட்டு, அவரை எதிர்த்தவர் 62,216. 2017-ல அமெரிக்காவுல வர்ஜீனியா மாநில சபைத் தேர்தல்ல ரெண்டு பேருக்கும் சரியா 11,608 வந்து, ஒரு கிண்ணத்துல பேரை எழுதிப் போட்டு குலுக்கி எடுத்துத்தான் முடிவு பண்ணினாங்க. வார்டு இதை விட எவ்வளவோ சின்னது. எண்ணற அன்னிக்கு உங்க ஏஜென்ட்டா கோவக்காரரை அனுப்பாதீங்க, நம்பர் எழுதத் தெரிஞ்ச நிதானமான ஆளா அனுப்புங்க. செல்லாதுன்னு ஒதுக்கற ஒவ்வொரு சீட்டையும் ஏன்னு கேட்டு எழுதிக்கணும், வித்தியாசம் கம்மியா இருந்தா முடிவை அறிவிக்கறதுக்கு முன்னாடியே மறு எண்ணிக்கை வேணும்னு எழுத்துல குடுக்கணும். அறிவிச்ச பிறகுன்னா அனேகமா கோர்ட்டுக்குத்தான் போகணும்.